தாத்தாவின் 1972 ஹை பானெட் ஜீப்: வீட்டிலேயே எடுத்துக் கட்டலாமா, எதில் தொடங்குவது?

மோர்தானா ரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் குடியாத்தம் பக்கம், மோர்தானா அணைக்குப் போகிற வழி. அம்மாவின் அப்பா வைத்திருந்த மகிந்திரா சி.ஜே. 3பி ஜீப் எங்கள் வீட்டில் நிற்கிறது. 1972 பதிவு, பெட்ரோல், உடன் வந்த அதே ஹரிக்கேன் இன்ஜின். மாங்காய் ஏற்றவும், யானை இறங்கிவிட்டது என்று சேதி வந்தால் ராத்திரியில் நிலத்துக்கு ஓடவும் அந்த வண்டிதான். தாத்தா படுக்கையில் விழுந்த பிறகு மாட்டுக் கொட்டகை ஓரமாக நிறுத்தியது, பல வருஷமாக அங்கேயேதான்.

இப்போதைய நிலைமை: இன்ஜின் சுற்றவில்லை, ஹேண்டில் போட்டாலும் அசையவில்லை. பிரேக் மிதித்தால் தரை வரை போகிறது. ஓட்டுநர் பக்கத் தரைத் தகட்டில் கை நுழையும் ஓட்டை. ஒயரிங் முழுக்க எலி தின்றுவிட்டது. ரேடியேட்டர், கார்ப்பரேட்டர், டைனமோ எல்லாம் அப்படியே இருக்கின்றன, யாரும் எதையும் கழற்றவில்லை. ஆர்.சி. புக் இருக்கிறது, தாத்தா பெயரில். அவர் இப்போது இல்லை.

ஊரில் இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் இதைத் தூக்கிப் போட்டு டீசல் இன்ஜின் வை, இரண்டே வாரத்தில் ஓடும் என்கிறார். இன்னொருவர் எடைக்குப் போடச் சொல்கிறார். எடைக்குப் போடுகிற பேச்சே இல்லை, அம்மா வண்டிப் பக்கம் போகும்போதெல்லாம் பானெட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். புல்லட்டும் டிராக்டரும் நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஜீப்பை முழுசாகப் பிரித்ததில்லை. எதில் தொடங்குவது, எதை வீட்டில் செய்யலாம், எதை வெளியே கொடுப்பது, டீசல் மாற்றலாமா, பேப்பர் வேலை எப்படி? அவசரமில்லை, அடுத்த மாங்காய்க்குள் நிலத்துக்குப் போய்வந்தால் போதும். பிறகு ஏலகிரி, ஜமுனாமரத்தூர் என்று ஒரு ஆசை இருக்கிறது.

ஓய்வு ஈ.எம்.ஈ. பதில்:

தம்பி, நான் கம்மவான்பேட்டை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் ராணுவம் என்பார்கள், நான் பட்டாளத்தில், ஈ.எம்.ஈ. என்கிற பிரிவில், பார்த்தது முழுக்க வண்டி வேலை. ஜோங்கா என்கிற ராணுவ வண்டியும் ஜீப்பும் கையில் நிறைய வந்து போயிருக்கின்றன. உன் வண்டியில் எதுவும் கழற்றப்படவில்லை என்பது பெரிய விஷயம். பாதி பிரித்துச் சாக்குப் பையில் கட்டி வைத்த வண்டியைவிடச் சும்மா நின்று துருப்பிடித்த வண்டி எவ்வளவோ மேல். எந்தப் போல்ட்டு எங்கே என்று வண்டியே சொல்லும்.

முதலில் பிரேக். இன்ஜின் இல்லை, பெயின்ட் இல்லை, பிரேக். எல்லோரும் முதலில் இன்ஜினை ஓட வைத்துப் பார்க்கத்தான் துடிப்பார்கள், ஓடியதும் தெருவில் ஒரு ரவுண்டு போகத் தோன்றும். நிற்காத வண்டி ஓடக் கூடாது.

ஜாக்கி போடுவதற்கு முன் இதைப் படி. உன் வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுப்பை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கிற பெட்டி) பின்பக்கம், பின் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன டிரம்மில் இருக்கிறது. அது ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினாய் என்றால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற, டிஃபரன்ஷியல் வழியாக வண்டி தாராளமாக உருளும். ஹேண்ட் பிரேக் இறுக்கிப் பிடித்திருந்தும் உருளும். கார் பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் படுத்தவர்கள் நசுங்கியிருக்கிறார்கள். ஆகவே தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, வண்டிச் சட்டத்துக்கு (சேஸிஸ்) அடியில் நல்ல ஸ்டாண்டு, அப்புறம்தான் உள்ளே போவது. செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், திடீரென்று நொறுங்கும். ஓடுகிற வண்டியை அந்த ஹேண்ட் பிரேக்கால் நிறுத்தவும் கூடாது, அடி முழுக்க ஷாஃப்ட் மூட்டிலும் (கிராஸ்) பின் அச்சுப் பல்லிலும் (கிரவுன்) போய் விழும்.

நான்கு டிரம்மையும் கழற்று. வராவிட்டால் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டுத் தட்டு, வார்ப்பு இரும்பு என்பதால் ஓங்கி அடிக்காதே. வீல் சிலிண்டர் நான்கும், மாஸ்டர் சிலிண்டரும் பிரித்துப் பார். உள் சுவரில் நகத்தை ஓட்டினால் தட்டுகிற குழி இருந்தால் ரப்பர் மட்டும் மாற்றிப் பயனில்லை, இரண்டு மாதத்தில் மறுபடி கசியும். அந்தச் சிலிண்டரைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கு, அல்லது லேத்தில் ஸ்லீவ் போடு. இரும்புப் பைப்புகள் எல்லாமே புதுசு, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்திருக்கும். இது ஒரே சர்க்யூட் பிரேக், ஒரு பைப்பு விட்டால் நான்கு சக்கரமும் விட்டது போலத்தான். ரப்பர் ஹோஸ் மூன்றும் கட்டாயம் மாற்று. ஆயில் டாட் 3 போதும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருப்பதால் மூடிக்குள் சேறும் தண்ணீரும் போகும், மூடி வாஷரைப் பார்த்துப் போடு.

இன்ஜினுக்கு இப்போதைக்கு ஒன்றே ஒன்று செய். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயிலும் அசிட்டோனும் சரிக்குச் சரி கலந்து கொஞ்சம் ஊற்றி விட்டுவிடு. அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஒரு வாரம் போகட்டும், வற்றினால் மேலும் ஊற்று. அந்த வாரம் முழுக்க உனக்குப் பிரேக் வேலை இருக்கும்.

காட்பாடி வாசி பதில்:

அண்ணா சொன்னதற்கு மேல் இன்ஜின் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜாம் என்று முடிவு கட்டும் முன், அது இன்ஜின் ஜாம்தானா என்று பாருங்கள். நிறுத்தும்போது கியரில் போட்டு நிறுத்தியிருப்பார்கள், கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டியிருக்கும், சக்கரம் பிரேக்கில் பிடித்திருக்கும். ஆக ஹேண்டில் போட்டால் முழு வண்டியையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கிறீர்கள். கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். செல்ஃப் மோட்டார் பல் ஃப்ளைவீலில் சிக்கியிருந்தாலும் இதே கதைதான், செல்ஃபைக் கழற்றிவிட்டால் தெரிந்துவிடும்.

இந்த ஹரிக்கேன் இன்ஜினில் உள்ளே இழுக்கிற வால்வு மேலே ஹெட்டில், புகை போகிற வால்வு கீழே பிளாக்கில். அதனால்தான் இன்ஜின் உயரம், அதனால்தான் 3பி-க்கு ஹை பானெட். 134 கன அங்குலம், நம் கணக்கில் 2199 சிசி. நின்ற வண்டியில் முதலில் ஒட்டிக்கொள்வது பிளாக்கில் இருக்கிற அந்தப் புகை வால்வுகள்தான், ஈரக்காற்று சைலன்ஸர் வழியாக நேரே அங்கேதான் வந்து நிற்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகள் தெரியும். ஒவ்வொரு தண்டிலும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். ஹெட்டைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது, பிஸ்டன் சுவரையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

சுற்றும்போது செல்ஃபால் சுற்றவே கூடாது. கிராங்க் நட்டில் சாக்கெட் போட்டு நீளமான பார், முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் என்று ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், மறுநாள் இரண்டு நூல் அசையும். ரிங் உடைவதெல்லாம் ஒரே தம்மில் சுற்றப் பார்ப்பதால்தான். விட்டதும் ஸ்டார்ட் செய்யவும் ஓடாதீர்கள். பழைய ஆயிலை இறக்கி, அடிச் சட்டியைக் கழற்றிச் சேற்றை வழித்து, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக்கு.

செட்டிங் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு): வால்வு இடைவெளி ஆறிய இன்ஜினில் உள்வால்வு 18 தௌ, புகை வால்வு 16 தௌ, பாயின்ட் 20 தௌ, பிளக் 30 தௌ. ஃபயரிங் 1-3-4-2. மேலே இருக்கிற வால்வுக்கும் பக்கத்தில் இருக்கிற வால்வுக்கும் அளவு மாறும் என்பதைப் பல பட்டறையில் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்துவிடுகிறார்கள், வண்டி இழுக்காமல் சூடாகும், பழி கார்ப்பரேட்டர் மேல் விழும்.

இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் அசட்டையும் வேண்டாம். இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் ஏழுக்கு ஒன்று அளவுதான், எந்தப் பெட்ரோலும் எரியும். கெடுவது ரப்பர். பம்ப் டயஃப்ரம், ஹோஸ், கார்ப்பரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரகமாகப் போடுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரும்பு டேங்கில் அடியில் தண்ணீர் தேங்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

டீசல் மாற்றுவதற்கு என் பதில்: வேண்டாம். உங்களிடம் இருப்பது முழுசாக ஒட்டியிருக்கிற ஒரிஜினல் பெட்ரோல் வண்டி. நம் பக்கம் ஓடின ஜீப்பில் பெரும்பாலானவை டீசல் விலை மலிவாக இருந்த காலத்தில் இன்ஜின் மாற்றப்பட்டவை. மிச்சமிருக்கிற ஒரிஜினலைக் கொஞ்ச காலம் பொறுத்துச் சரிசெய்ய முடியும் என்றால் ஏன் அறுக்க வேண்டும்?

ஆம்பூர் டீசல் பதில்:

மேலே சொன்னவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. நானும் டீசல் போட்ட ஜீப்தான் வைத்திருக்கிறேன், முறைப்படி ஆர்.சி.யில் ஏற்றியது. நாயக்கனேரி மலைக்குச் சுமையோடு ஏறுகிறவனுக்குப் பெட்ரோல் ஜீப்பு குடிக்கிற குடியைத் தாங்க முடியாது. தினம் வேலைக்கு என்றால் டீசல்தான். டீசலில் அடி வேகத்திலேயே இழுப்பு வந்துவிடும், சேற்றில் தண்ணீரில் பாயின்ட், காயில் என்று நின்று போகாது. தம்பி மாங்காய் ஏற்றுவேன் என்கிறார், அதையும் யோசிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்தில் ஓடும் என்று சொன்னவரை நம்பாதீர்கள். மவுன்டிங் புதுசாக வெல்டிங், ரேடியேட்டர் இடம், கியர் பாக்ஸ் சேர்க்கிற பிளேட், முன் கமான் பட்டை கனத்துக்குத் தக்க மாற்றுவது, ஸ்டீயரிங் ராடு உரசாமல் பார்ப்பது என்று ஒன்று தொட்டால் ஒன்று வரும். அந்த மூன்று கியர் பெட்டி பெட்ரோலுக்கு என்று வந்தது. டீசலின் உதறலில் அதன் ஆயுசு குறையும்.

காட்பாடி வாசி பதில்:

தினம் சுமைக்கு என்றால் நீங்கள் சொல்வது நியாயம்தான் அண்ணா. ஆனால் அவர் வீட்டில் டிராக்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். மாங்காய் அதில் போகட்டும், ஜீப்பு ஆள் ஏற்றட்டும்.

சிப்காட் வெல்டர் பதில்:

ராணிப்பேட்டை. பாய்லர் வேலையில் பழகிய கை, ஜீப்பு பைத்தியம்.

மாட்டுக் கொட்டகை என்று படித்ததும் திக்கென்றது. மாட்டு மூத்திரமும் சாண ஆவியும் இரும்பைத் தின்கிற வேகம் மழைத் தண்ணீருக்கு வராது. மாடு கட்டிய பக்கம் எது என்று பாருங்கள், அந்தப் பக்கத்துச் சட்டம்தான் அதிகம் போயிருக்கும். முதல் வேலை வண்டியை வெளியே இழுத்து, சட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் நல்ல தண்ணீரால் மறுபடி மறுபடி கழுவி வெயிலில் காயவைப்பது. உப்பு உள்ளே இருக்க மேலே என்ன பூசினாலும் துரு அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்.

சட்டத்தைக் கண்ணால் பார்க்காதீர்கள், காதால் பாருங்கள். சின்னச் சுத்தியலால் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், போன இடம் பொத்தென்னும். பொத்தென்ற இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு குத்து. இறங்கினால் சாக்பீஸ் வட்டம் போடுங்கள். கமான் பட்டை மாட்டுகிற பிராக்கெட், பின் குறுக்குச் சட்டம், பாடி உட்காருகிற இடங்கள், தரைக்கு அடியில் தொப்பி மாதிரி மடித்த பட்டைகள், இவற்றை விட்டுவிடாதீர்கள். அந்தத் தொப்பிப் பட்டைக்குள் மண் அடைத்து வருஷக்கணக்கில் ஈரம் காக்கும். உங்கள் தரை ஓட்டை அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும்.

வெட்டுவதற்கு முன் டேப் வைத்துச் சட்டத்தின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சுவரில் எழுதிவையுங்கள். வெட்டி ஒட்டிய பிறகும் இரண்டும் அதேபோல் இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். கதவில்லாத ஜீப் பாடியை வெட்டும்போது நெளிந்துபோகும், குறுக்கே ஒரு பைப்பைத் தற்காலிகமாகப் பற்ற வைத்துவிட்டுத் தரையை வெட்டுங்கள். தரைத் தகட்டுக்கு சி.ஓ.டூ (வாயு விட்டுக் கம்பியால் பற்றவைக்கிற) வெல்டிங்தான், இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி. சாதா ராடு வெல்டிங்கில் மெல்லிய தகடு ஓட்டையாகும். சட்டத்து வெல்டிங்கை வீட்டில் செய்ய வேண்டாம், தெரிந்த கையிடம் கொடுங்கள். அது பிரிந்தால் ஆள் போய்விடும்.

பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. வண்டியில் எந்த மூலையில் பற்ற வைத்தாலும் சரி, முதலில் டேங்கை எடுத்து வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள், பேட்டரியும் கழற்றியாக வேண்டும். காலி டேங்க்தானே என்று அதில் நெருப்பு வைக்கவே கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி. ஓட்டையை ரேடியேட்டர் கடைக்காரர் சுத்தம் செய்து ஈயம் வைத்துக் கொடுப்பார், அது அவர் வேலை.

சின்னச் சின்ன சாமான்களின் துருவுக்கு ஒரு வழி இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், கொஞ்சம் வாஷிங் சோடா. துருப்பிடித்த சாமானைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் கட்டுங்கள், பாசிட்டிவில் ஒரு பழைய இரும்புத் தகடு, இரண்டும் தொடாமல். ராத்திரி விட்டால் காலையில் துரு கறுப்பாக உதிரும், நல்ல இரும்பு தேயாது. குமிழாக வருவது ஹைட்ரஜன், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். ஸ்பிரிங், கமான் பட்டை மாதிரி விறைப்பான எஃகை இதில் போடாதீர்கள், முறியும் தன்மை வந்துவிடும்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தப் பாசிட்டிவ் தகட்டுக்குச் சிலர் எவர்சில்வர் போடச் சொல்வார்கள், தேயாது என்று. போடவே போடாதீர்கள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது, கரைந்து ஆறு இணைதிறன் குரோமியமாகத் தண்ணீரில் இறங்கும், அது புற்றுநோய் கொடுக்கிற விஷம். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலையின் குரோமியக் கழிவு மலைபோல் கிடந்து நிலத்தடி நீர் மஞ்சளானதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன். தோல் பதனிட்ட ஊர்களில் கிணறு என்னவானது என்று வாணியம்பாடிக்காரர், ஆம்பூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். ஒரு டிரம் தண்ணீர்தானே என்று உங்கள் தென்னைக்கு ஊற்றிவிடுவீர்கள். சாதா இரும்புத் தகடு போடுங்கள், தேய்ந்தால் இன்னொன்று.

பெயின்ட் கடைசி. கழுவி, சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து அப்படியே ஓட்டுங்கள். பட்டி போட்டு மொழுக்கிவிட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

கோட்டை அகழி பதில்:

வேலூர். பேப்பர் பக்கம் நான் பார்க்கிறேன்.

முதலில் பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்துவிட்டதால் சாதாரண விற்பனைப் படிவம் இல்லை, படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லை என்கிற எழுத்து. உங்கள் அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். வண்டி துருவாக நிற்கும்போது கையெழுத்து சுலபமாக வரும், மின்னுகிற வண்டியாகிவிட்டால் மாமா, பெரியம்மா வீட்டில் எல்லோருக்கும் அதில் ஒரு நினைவு வந்துவிடும்.

அடுத்தது ஆர்.சி. புதுப்பிப்பு. தனியார் வண்டிக்கு 15 வருஷம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. கார் வகைக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 10,000 ஆகிவிட்டது. விட்டுப்போன காலத்துக்கு மாதக் கணக்கில் தாமதக் கட்டணமும், பசுமை வரியும் உண்டு. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மொத்தக் கணக்கையும் முன்கூட்டியே கேட்டுவிட்டு வேலையில் இறங்குங்கள். சேஸிஸ் நம்பரைத் தடவி எடுத்துக் காட்ட வேண்டும், ஆகவே வெல்டர் அண்ணா சொன்னபடி சுரண்டும்போது நம்பர் இருக்கிற இடத்தில் கிரைண்டர் வைக்காதீர்கள். நம்பர் போய்விட்டால் உலகத்தில் எந்த ஆவணமும் அந்த வண்டியைக் காப்பாற்றாது.

50 வருஷம் தாண்டியதால் உங்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு. புதுப் பதிவு என்றால் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், பிறகு 5,000. நம்பரில் வி.ஏ. என்று வரும், ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு நிபந்தனை. சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஹரியானாவில் மண்டி டப்வாலி பக்கத்தில் புதுசாகச் செய்து விற்கிற ஜீப் பாடியை வாங்கி வைத்தாலும், டீசல் இன்ஜின் ஏற்றினாலும் இந்தக் கதவு மூடிவிடும். இரண்டாவது, விண்டேஜ் வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்க்க, எண்ணெய் போட என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். தினம் நிலத்துக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போக ஆகாது. உங்கள் ஆசைக்குச் சாதாரணப் புதுப்பிப்புதான் சரி. ஆனாலும் வண்டியை ஒரிஜினலாகவே வையுங்கள், நாளைக்கு மனசு மாறினால் வழி இருக்கும்.

டீசல் என்று முடிவெடுத்தால் 52-வது பிரிவுப்படி முன் அனுமதி வாங்கித்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுப் போய் நின்றால் ஆர்.சி.க்கும் வண்டிக்கும் பொருந்தாது, இன்ஷூரன்ஸும் கை விரிக்கும்.

மோர்தானா ரோடு பதில்:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மாமாவிடம் பேசுவதாகச் சொல்லிவிட்டார். டீசல் இல்லை, அது முடிவு.

வண்டியை வெளியே இழுத்துக் கழுவியாயிற்று. வெல்டர் அண்ணா சொன்னது சரி, மாடு கட்டுகிற இடது பக்கம் பின் குறுக்குச் சட்டத்தில் இரண்டு இடம் பொத்தென்கிறது, ஸ்க்ரூ டிரைவர் இறங்கிவிட்டது. வலது பக்கம் கணீர் என்கிறது. பிளக் கழற்றியதில் மூன்றாவது மட்டும் செங்கல் நிறத்தில் வந்தது, மற்ற மூன்றும் கருப்பு. ஆயில் ஊற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ஒரு இடத்தில். வலது பக்கச் சக்கர நட்டுகள் பார் போட்டதும் வந்துவிட்டன. இடது பக்கம் ஒன்றுகூட அசையவில்லை. பார் மேல் ஏறி நின்று பார்த்தேன், பைப்பு நுழைத்தும் பார்த்தேன். இன்னும் அழுத்தினால் ஸ்டட் முறிந்துவிடும் போல இருக்கிறது. கேஸ் வைத்துச் சூடு பண்ணலாமா?

ஓய்வு ஈ.எம்.ஈ. பதில்:

தம்பி, பாரைக் கீழே வை. சூடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்தக் காலத்து அமெரிக்க ஜீப் கம்பெனியான வில்லிஸ் வழி வந்த வண்டிகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். ஓடும்போது நட்டு தானாகக் கழலாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். நீ இதுவரை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறாய். ஸ்டட் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார், 'எல்' என்று அடித்திருக்க வாய்ப்பு உண்டு. எழுத்து தெரியாவிட்டால் வெளியே தெரிகிற மரை எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று வலது பக்கத்து ஸ்டட்டோடு ஒப்பிட்டுப் பார். டீசலோ துரு எண்ணெயோ விட்டு ஒரு மணி நேரம் கழித்து, கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்று, வந்துவிடும்.

ஒவ்வொரு ஸ்டட்டையும் பிறகு துடைத்து மரை நெளிந்திருக்கிறதா என்று பார், ஏறி நின்றிருக்கிறாய் அல்லவா. நெளிந்தது எதுவோ அதை மாற்று. இடது நட்டையும் வலது நட்டையும் ஒரே டப்பாவில் போடாதே, இரண்டு டப்பா வைத்து மேலே எழுதிவை. பஞ்சர் கடைக்குப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடு, கடைப் பையன்கள் ஏர் கன் வைத்து ஒரே நொடியில் ஸ்டட்டை முறித்துவிடுவார்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் டிரம்மைப் பார்த்துவிட்டு வீல் சிலிண்டரைப் படம் எடுத்துப் போடு. உள் விட்டத்தை அளந்து முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக எழுது, இரண்டும் ஒரே அளவு என்று நினைத்து ரப்பர் வாங்கிவிடாதே. மூன்றாவது சிலிண்டருக்கு ஆயில் இன்னும் ஒரு வாரம் ஊறட்டும், அதன் பிறகு காட்பாடித் தம்பி சொன்னபடி ஹெட்டைக் கழற்றிவிட்டே பார்.

சிப்காட் வெல்டர் பதில்:

அந்தப் பின் குறுக்குச் சட்டத்துக்கும் ஒரு படம் வேண்டும், பொத்தென்ற இடத்திலிருந்து கமான் பட்டை பிராக்கெட் எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து. பிராக்கெட்டைத் தொடவில்லை என்றால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிடலாம். தொட்டிருந்தால் முழுக் குறுக்குச் சட்டமும் மாற்ற வேண்டும். அப்படியானால் பாடியை மேலே தூக்காமல் முடியாது, டிரைவர் பக்கத் தரை வேலையையும் அதோடு சேர்த்துவிடுவோம்.